சேறு தின்ற மருந்து

ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கரிசல் துண்டு. நான், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் கஞ்சி அதிலிருந்துதான். மேட்டில் தீப்பெட்டி கம்பெனி வந்தது. குச்சி மருந்து கலக்கிய பாத்திரங்களைக் கழுவி, அந்தத் தண்ணீரை எங்கள் நிலத்தில் இறக்கிவிட்டார்கள். புல்கூட முளைக்கவில்லை. போய்க் கேட்டேன். "தண்ணி பள்ளத்துக்குத்தாம்லே ஓடும்" என்றார் முதலாளி.

நிலத்து மூலையில் எங்கள் குப்பைக்குழி. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற வண்டிகள் அங்கேதான் மாடு அவிழ்க்கும், சாணிக்குக் குறைவில்லை. நேர்ந்துவிட்ட கிடா ஒன்று அதில் விழுந்து ஊரே திரண்டது, அது வேறு கதை. மருந்துத் தண்ணீர் அந்தக் குழியிலும்தான் விழுந்தது. ஆனால் குழியோரம் மட்டும் கோரை பச்சையாக நின்றது.

அதைப் பார்த்துத்தான் கண்மாய்ச் சேறும் சாணியும் நிலம் முழுக்கக் கொட்டி, தண்ணீர் கட்டி, நானும் பெண்டாட்டியும் மிதித்தோம். வருகிற கழிவைக் குழியில் ஊறப்போட்டே வெளியே விட்டோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"ஏலே, சாக்கடையில குடித்தனமா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் மூக்கைப் பிடித்தான்.

கால் புண்ணாகி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேறு மிதிப்பதைச் சொன்னதும் நர்ஸம்மா சிரித்தார். "சேத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு அண்ணாச்சி. மருந்தையும் அதுக திங்குது போல, ஒங்க காலையும் திங்குது."

பாக்டீரியா என்று இப்போது சொல்கிறார்கள்.

அடுத்த மழைக்கு விதைத்த கம்பு முளைத்து இடுப்புக்கு நின்றது. முதலாளியே இறங்கி வந்து பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன்.

"எம்புட்டு ஊத்துனாலும் தின்னுருமோ?"

"திங்கும் மொதலாளி."

மறுநாள் இன்னொரு வாய்க்கால் வெட்டி, பக்கத்திலிருந்த தன் பட்டாசு ஷெட்டைக் கழுவிய தண்ணீரையும் சேர்த்துத் திருப்பிவிட்டார். குழி ததும்பிக் கம்புக்குள் பாய்ந்தது. ஓடினேன்.

"மொதலாளி, கருது பால் பிடிக்கிற நேரம். அறுத்துக்கிடுதேன், அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

"ஒங் கிருமிக பட்டினி கெடக்கலாமாலே? நல்லாத் திங்கட்டும்."

கூட நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கம்பு நின்றவாக்கில் வெளுத்தது. பிறகு குழி நாறுவதும் நின்றது; கிருமிகளும் செத்துவிட்டன என்று எனக்குப் புரிந்தது. பதராய்ப் போன கதிரை மாடு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது.

தைக்கு என் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்கே குச்சி அடுக்கப் போனாள்.