இடது அறையில் வைத்த பலகாரம்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. நால்வரும் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரின் ஜூரோங்கில், பம்புக்கு வால்வு செய்கிற கம்பெனியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் பேன்ட்ரி பார்த்தேன். தேநீர் காப்பி போடுவது, கோப்பை கழுவுவது, கூட்டம் நடக்கும் அறைகளைத் துடைத்து ஒழுங்கு செய்வது. காலையில் தேக்காவிலிருந்து ரயில், அங்கே இறங்கியதும் கம்பெனி பஸ். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அந்த மாடியில் யாருக்குச் சீனி கூடாது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றெல்லாம் என்னைக் கேட்டால் சொல்வேன்.

கம்பெனி மூடப்போகிறது என்பதையும் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். முதலில் பேன்ட்ரிக்கு வாங்கும் மைலோ நின்றது. பிறகு, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற ஆள் ஒரு நாள் வந்து தொட்டிகளையே தூக்கிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு டீ-சட்டை கொடுத்தார்கள். நெஞ்சில், நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம்.

“அக்கா, சட்டை குடுக்குறாங்கன்னா வேட்டிய உருவப் போறாங்கன்னு அர்த்தம்.”

அதைப் படித்துச் சொல்லிச் சிரித்தவள் ஏற்றுமதித் தாள்கள் பார்க்கும் பிரிவில் இருந்தவள். தமிழ் முஸ்லிம் பெண், ஆங் மோ கியோவில் வீடு, ஐம்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருடமாக அவளுக்கும் எனக்கும் மதியச் சாப்பாடு ஒரே மேசையில். என் ரசத்தை அவள் கழுவின தண்ணீர் என்பாள். ஆணம் என்று அவள் சொல்லும் மீன் குழம்பில் புளி போதாது என்பேன் நான். அவள் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டியவர். கண் பார்வை குறைந்து வீட்டோடு இருக்கிறார். மகள் இன்னும் படிக்கிறாள். அந்த வீடு அவள் ஒருத்தியின் வேலையில்தான் நின்றது. அந்த வயதில் இது போனால் இன்னொன்று கிடைக்குமா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

முதல் ஆட்குறைப்பில், போகிறவர்களைச் சின்ன அறைக்கும் இருக்கிறவர்களைப் பெரிய அறைக்கும் கூப்பிட்டார்கள். பெரிய அறையில் தேநீரும் கறி பஃப்பும். சின்ன அறையில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு டிஷ்யூ பெட்டியும். இரண்டையும் கொண்டுபோய் வைத்தவள் நான். அன்றோடு அந்த மாடிக்கு ஒரு பாடம் ஏறிப்போனது: பலகாரம் என்றால் பிழைத்தோம், டிஷ்யூ என்றால் போனோம். அதற்குப் பிறகு கழிவறையில் வைக்க நான் டிஷ்யூ பெட்டி எடுத்துப் போனால்கூட நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். ‘ஆன்ட்டி, யாருக்கு?’ என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பேன்ட்ரியில் தொங்கிய கோப்பைகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. அவரவர் கோப்பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் சீக்கிரம் வந்தால் அடுத்தவர் அதைவிடச் சீக்கிரம் வந்தார். வந்து செய்ய வேலை இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது முறை. மனிதவளப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள், சின்ன வயது. முதல் நாள் சாயங்காலம் பேன்ட்ரிக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, இந்தத் தடவ ரூம மாத்தியிருக்கோம். இடது பக்கம் தண்ணியும் டிஷ்யூவும் போதும். வலது பக்கம் டீ, கறி பஃப். யார்கிட்டயும் சொல்லாதீங்க லா.”

“ஏன்மா, போறவங்களுக்கு ஒரு வாய் டீ குடுத்தா கொறஞ்சா போயிடும்?”

“பார்ட்டி மாதிரி இருக்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க ஆன்ட்டி.”

“சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்கே காப்பித்தண்ணி குடுக்குறோம்.”

அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, “ப்ளீஸ் ஆன்ட்டி,” என்றாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழேயும் கறுத்துத்தான் இருந்தது.

மறுநாள் காலை என் சிநேகிதி வந்து பேன்ட்ரிக் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, எனக்குப் பத்தரைக்கு. இடது பக்க ரூம். நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லுங்க.”

“கோப்பை கழுவுறவகிட்ட வந்து கேக்குறியே. எங்கிட்ட யாரு சொல்றா?”

“பொய் சொன்னா கைய தொடச்சுக்கிட்டே இருப்பீங்க. இப்ப தொடைக்கிறீங்க.”

“சாப்பிட்டியா நீ?”

“எறங்கல அக்கா.”

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, பெரிய இடத்து ரகசியம் ஒன்றை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற மிதப்பு இருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் படிப்பில்லை, பேசினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் என்னிடம் கொடுத்திருப்பார்கள்.

அவள் போன பிறகு மனம் கேட்கவில்லை. என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற எவரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியவள் இல்லை. வலது அறைக்கு வந்திருந்த கறி பஃப்பில் ஒரு தட்டு எடுத்து இடது அறையில் வைத்தேன். ஒரு குடுவை தேநீரும், கோப்பைகளும். டிஷ்யூ பெட்டியை அலமாரிக்குள் தள்ளினேன். அதைப் பார்த்தால்தானே அழுகை வருகிறது என்று நினைத்தேன். அந்தப் பலகாரத்துக்கு அந்த மாடியில் என்ன பொருள் என்பது எல்லாருக்கும் பாடமாகியிருந்தது. வைத்த எனக்கு மட்டும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

பத்தரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அறைக்குக் கண்ணாடிக் கதவு. முதலில் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். என் சிநேகிதி தட்டைப் பார்த்தாள். இறுகியிருந்த அவள் தோள் தளர்ந்தது. அங்கேயே நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, டீ வச்சிருக்காங்க. ஆமா. நான் இருக்கேங்க. மககிட்ட சொல்லிருங்க.”

ஆறடி தூரத்தில் கையில் வெறும் தட்டோடு நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்து, ‘சரியான கள்ளி’ என்பது போலத் தலையை ஆட்டிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மனிதவளப் பெண் கடிதங்களோடு வந்தாள். தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியே பார்த்தேன். என் சிநேகிதி பாதி தின்ற கறி பஃப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வெகு நேரம் வைத்திருந்தாள். கை துடைக்க அங்கே ஒரு டிஷ்யூகூட இல்லை.

அவர்கள் உள்ளே இருக்கும்போதே கம்பெனி அவர்களுடைய கதவு அட்டைகளை நிறுத்திவிட்டது. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடத்துக்குள் போய்க் கைப்பையை எடுக்க அவளால் முடியவில்லை. அட்டையை மூன்று முறை வைத்தாள், சிவப்பு விளக்கு. என் அட்டை வேலை செய்தது. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். பாதுகாவலர் பக்கத்தில் நிற்க, பொருள்களைப் பெட்டியில் போட்டாள். போகும்போது என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லாம இருந்திருந்தாக்கூட பரவாயில்லக்கா. சிரிக்க வச்சுட்டீங்களே. அவருக்குப் போன் போட்டுட்டேனே.”

பெட்டியோடு நின்றவளுக்கு லிஃப்ட் பொத்தானை அழுத்திக் கொடுத்தேன்.

பிழைத்தவர்களும் பிழைக்கவில்லை. வேறு நாட்டில் இருக்கிறவர்களுக்குத் திரை வழியாக வேலை சொல்லிக்கொடுக்கத்தான் அவர்களை வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் அதுவும் முடிந்தது. எனக்கு அறையும் இல்லை, கடிதமும் இல்லை. கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது மனிதவளப் பெண்ணே வந்து என் வேலையும் முடிந்தது என்று சொன்னாள். “அடுத்த வாரம் நானும் ஆன்ட்டி,” என்றாள். அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். இருவரும் நின்றபடியே குடித்தோம்.

என் சிநேகிதிக்குப் பலமுறை தொலைபேசி செய்துவிட்டேன். வீட்டுக்காரர் எடுப்பார். “குளிக்கிறா,” என்பார், “தொழுவுறா,” என்பார். மரியாதையாகத்தான் பேசுவார். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்கினேன். ஒரு நாள் ஆங் மோ கியோவுக்கே போய் அவள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். கையில் பலகாரம் வாங்கிப் போயிருந்தேன். என்ன புத்தி பாருங்கள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எழுதினால் ஓர் எழுத்து மேலேயும் ஒன்று கீழேயும் போகும். பாதியை நானே எழுதினேன், மீதியைச் சொல்லச் சொல்ல உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற என் பேத்தி எழுதித் திருத்தினாள். இதை என் சிநேகிதியின் வீட்டு முகவரிக்கு அனுப்பப் போகிறேன். பிரிப்பாளோ, பிரிக்க மாட்டாளோ.

“முழுசும் படிக்கவா பாட்டி?”

“வேணாம். கண்ணாடிக் கதவுகிட்டேருந்து படி. நான் நல்லவ மாதிரி எங்கயாச்சும் கேட்டுச்சுன்னா நிறுத்து. அத அடிச்சிரலாம்.”