ஜெயசீலன் அண்ணன் குடைந்த குவளை

ஞாயிறு காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து மாலா அக்காவின் அழைப்பு வந்தது. "உங்க அண்ணன் எழுந்திரிக்கலம்மா," என்றார். காய்ச்சல் என்று நினைத்து, "கிளினிக் கூட்டிட்டுப் போனீங்களாக்கா?" என்று கேட்டேன். அழுகைதான் பதிலாக வந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சிறிய பட்டறைக்கு வந்தவர்களுக்கு மாலா அக்காவின் கணவர் ஜெயசீலன் அண்ணனை நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வையற்றோர் தடவி அறியும் மாதிரிப் பொருள்களைக் கணினியில் வடிவமைத்து, பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறோம். அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் எதையும் வரைய மாட்டார், எழுதுவார். உருளை, உருண்டை, பெட்டி ஆகியவற்றின் அளவுகள், எதை எதோடு சேர்ப்பது, எதிலிருந்து எதைக் கழிப்பது, எல்லாமே நிரல் வரிகள். பெரிய உருளையிலிருந்து சிறிய உருளையைக் கழித்தால் குவளை. அந்த வரிகளைக் கணினி அவர் காதில் படபடவென்று வாசிக்கும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் கைப்பிடி வைத்த குவளை ஒன்றை எழுதினார். திரையில் பார்த்து, "அழகா இருக்குண்ணே," என்றேன். அச்சாகி வந்ததும் உள்ளே விரலை விட்டவர் சிரிக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, உள்ள ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கு. நீ பார்க்கலியா?"

"வெளியிலதான்ணே பார்த்தேன்."

"நல்ல கூட்டணிலா நாம. எனக்குக் கண்ணு இல்ல, உனக்கு இருந்தும் பிரயோஜனம் இல்ல."

தவறு அவருடையதுதான். குவளையைக் குடைந்த பிறகு கைப்பிடியைச் சேர்த்திருந்தார். அதன் முனை சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சேர்த்த பிறகு குடைந்திருந்தால் அந்த முனையும் கழிந்திருக்கும். வரிகளை இடம் மாற்றினார், சரியாயிற்று. மூக்குக் குவளையில் பேனா போட்டு வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "விரல விட்டுப் பாருங்க பாஸ்" என்பார்.

சென்ற ஆண்டு, என் மகள் யாழினிக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். அவளுக்கு நான்கு வயது. அண்ணனிடம் சொல்லி அழுதேன். "சனிக்கிழமை கூட்டிட்டு வா," என்றார்.

அவளுக்காக யானை செய்து வைத்திருந்தார். அவள் தும்பிக்கையைப் பிடித்து இழுக்க, நான் பதறி, "உடைச்சிடாதடி," என்று அவள் கையைப் பற்றினேன்.

"கைய விடும்மா. உடைஞ்சா மறுபடி பிரிண்ட் பண்ணிக்கலாம்லா."

"மாமா, இது யானை இல்ல. சொரசொரன்னு இருக்கு, டுரியான் பழம்!"

"டுரியானுக்கு வாலு இருக்குமாடி?"

இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். இவர் பக்கத்தில் இருந்தால் போதும், பிள்ளை பயமில்லாமல் வளர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் வராத தூக்கம் அன்று வந்தது.

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். யாழினியைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை போலும், கையை நீட்டினாள். "பிள்ளைய அந்தப் பக்கம் கொண்டு போங்கம்மா," என்று ஓர் ஆன்டி அதட்டினார்.

"விடுங்க, தொடட்டும்," என்றார் மாலா அக்கா.

நெற்றி, மூக்கு, மீசை என்று சின்ன விரல்கள் மெதுவாக இறங்கின.

"மாமா ஏம்மா இவ்ளோ சில்லுனு இருக்காரு?"

அவளாகக் கையை எடுக்கும்வரை தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

இனி நான்தான் இவளை எல்லாவற்றையும் தொடவிட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே. இருந்தாலும் விடுவேன். நீங்கள் கவலையில்லாமல் போங்கள்.