பந்தை எடுக்காத கணினிப் பையன்

என் மகள் துளசிக்கு ஏழு வயது, ஓட்டிசம். படிப்பிக்க வந்த மூன்று பேரும் அவளை வைத்தே தொழில் பழகிவிட்டு ஓடிப்போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் ஒடுங்கிப்போனாள். இனியொருவர் வந்து பாதியில் போனால் என் பிள்ளை தாங்காது. அப்போதுதான் மலைநாட்டு டிக்கோயாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியைகளை முதலில் கணினிப் பிள்ளையோடு பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 2008 ஏப்ரல் விடுமுறையில் துளசியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. டிக்கோயாவுக்கு ஓட்டோ 250 ரூபாய். "பிள்ளை சத்தத்துக்குப் பயப்படும்" என்றேன். "ஹோர்ன் அடிக்க மாட்டேங்க அக்கா" என்றார் ஓட்டோக்காரர். சொன்னபடியே ஒரு மலை வளைவிலும் அடிக்கவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது!

பயிற்சி நடந்த மண்டபத்தில் பழைய கணினிகள் இரண்டு. திரையில் ஒரு பொம்மைப் பையன். "பந்தை எடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு உதவிப் பொத்தானை அழுத்தினால் அடுத்த முறை அவன் முயற்சியே செய்யமாட்டான். பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், முன்பு தேயிலைக் கொழுந்து பறித்த யோகேஸ்வரி, சொல்லி வாய் மூடுமுன்பே அழுத்தினார். திரும்பவும் அதே கதை. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கை முந்துது பிள்ளை, பொறுங்கோ" என்றார் பயிற்சி கொடுத்த யாழ்ப்பாணத்து டீச்சர்.

"கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு போட்டு அரைச் சம்பளம் தருவாங்கன்னு ஓடுன கை டீச்சர், சும்மா இருக்க மாட்டேங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் பையனை முதலிலிருந்து தொடங்கினார். நடந்த பிழை எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பிழையெல்லாம் என் பிள்ளை மேல் அல்லவா நடந்தது! இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மாலைக்குள் அந்தப் பையன் தானாகவே பந்தை எடுத்தான்.

மறுநாள் யோகேஸ்வரி துளசிக்கு முன்னால் உட்கார்ந்தார். "துளசி, கப்பைத் தா." சொல்லிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். துளசி கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பொறுக்காமல் நான் எழும்பினேன். டீச்சர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். துளசி கப்பை எடுத்து நீட்டினாள்.

யோகேஸ்வரி அடுத்த மாதம் துளசிக்குப் படிப்பிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்வெட்டரும் பிள்ளை பழகிய கப்பும் கட்டாயம். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். "துளசி, கப்பைத் தா" என்று சொல்லிவிட்டு என் கைகளைத் தொடைக்கடியில் வைத்தேன். "யமு, யமு!" என்று சிங்களத்தில் கிளம்பச் சொல்லிக் கண்டக்டர் அவசரப்படுத்தினார். பஸ் போனால் போகட்டும் என்று அசையாமல் இருந்தேன்.

கப் வந்தது.