நல்லம்மாள் ஏறிய வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் போய் "இருதயம் வீடு எது?" என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "வாந்தி வண்டி இருதயம்" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாசலில் விடும். ஊர் ஒரு மனிதனுக்கு வைக்கிற பெயரைப்போலப் பொல்லாதது எதுவும் இல்லை. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயரை அது ஒரே நாளில் விழுங்கிவிடும்.

பெயர் வைத்த புண்ணியவதி நல்லம்மாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற தம்புசாமியின் மனைவி. மகன் பாலன் ரயில்வே ஆபீஸில் கிளார்க். குடும்பமே ரயில் குடும்பம், எல்லோருக்கும் ஓசிப் பாஸ். காரில் போகிறவர்களைப் பார்த்தால் நல்லம்மாளுக்கு ஓர் இளக்காரம். அப்படிப்பட்டவர் ஒரு வைகாசியில் மகனுக்குக் கல்யாணம் முடித்து, கிள்ளானிலிருந்து மருமகள் புஷ்பவல்லியை ஊர் மெச்சக் காரில் கொண்டுவர ஆசைப்பட்டுவிட்டார். அமர்த்தியது இருதயத்தின் காரை.

நாலு கதவும் கண்ணாடி ஜன்னலும் மேலே கெட்டிக் கூரையும் உள்ள சலூன் கார் அது. பழசுதான். ஆனால் மெத்தையும் ஸ்பிரிங்கும் அப்படி ஒரு மிருது. நேர் ரோட்டில் போனால் உட்கார்ந்தவர் தூங்கிவிடுவார். கிள்ளான் ரோடு நேராக இருந்தால்தானே! பத்துத் தீகா ஊரைத் தாண்டி வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும், நிமிரும்போது மறுபக்கம் சாயும், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கல்யாண விரதத்தில் வெறும் வயிற்றோடு இருந்த புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மாமியார் வீட்டு வாசலில் கார் நின்றது, கதவு திறந்தது, ஆரத்தித் தட்டோடு நல்லம்மாள் குனிந்தார். அவ்வளவுதான். பட்டுப்புடவை போயிற்று, ஆரத்தி போயிற்று, ஸ்காட் ரோடு முழுக்க அன்றைக்குச் சிரித்தது.

"கட்டையில போற வாந்தி வண்டி! இதுல மனுசன் ஏறுவானா?" என்று நல்லம்மாள் நடுத்தெருவில் நின்று கத்தியதோடு இருதயத்தின் கல்யாணச் சவாரிகள் நின்றுபோயின. அடுத்து ஆஸ்பத்திரிச் சவாரி நின்றது. கோயிலுக்கு, கொள்முதலுக்கு என்று வந்த சில்லறைச் சவாரிகளும் வேறு கார்களுக்குப் போயின.

இருதயத்துக்கு அது சாதாரண அடி இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து அவர் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். ரயில் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை காய்ச்சி அடிக்கிற பட்டறையில் வேலை. ரப்பர் விலை விழுந்து நாடே படுத்த வருஷத்தில் ஆள் குறைத்தபோது இவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்ததைப் போட்டு இந்தக் காரை வாங்கினார். ஸ்பிரிங் அடித்த கையால் ஓட்டுகிற வண்டியே இப்படிப் பேர் வாங்கினால் மனுஷன் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? காரை விற்றுவிட்டால் அடுத்தது மேரு பக்கம் மச்சான் வேலை செய்கிற ரப்பர் தோட்டம்தான். பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போகச் சாந்தமேரிக்கு மனசில்லை. சாந்தமேரி அவர் மனைவி, வாய்க்காரி, ஆனால் தங்கமானவள்.

"வண்டி ஆடுதுன்னா ஸ்பிரிங்குல வலு இல்ல. வலு ஏத்தணும்," என்றார் இருதயம்.

ஏற்றினார். பட்டை ஸ்பிரிங் என்பது இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. நாலு சக்கரத்துக்கும் நாலு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் தடித்த பட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகினார். வளைவில் வண்டி இப்போது மலைபோல நின்றது. இருதயம் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் மெதடிஸ்ட் சபை உபதேசியார் மாரிஸ். ரோட்டில் ஒரு குழி வந்தால் அவர் தலை கூரையில் இடித்தது, அடுத்த குழியில் கண்ணாடி மூக்கை விட்டுக் குதித்தது. கிள்ளானில் இறங்கியவர் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, முன்னாடி வாந்திதான் வரும்னாங்க. இப்ப உசிரே வெளிய வந்துரும் போல."

கூடுதல் பட்டைகள் மறுநாளே வெளியே வந்தன. வளைவில் நிற்கிற வண்டி குழியில் அடிக்கிறது, குழியில் மெதுவாக ஏறி இறங்குகிற வண்டி வளைவில் சாய்கிறது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காரை விற்றே ஆகவேண்டும்.

அடுத்து அவர் செய்தது இந்த மண்ணில் மட்டும் நடக்கக்கூடிய கூத்து. நம் ஆட்களுக்கு அப்போது ரப்பர்மேல் சாமி நம்பிக்கை. கதவு ஆடினால் ரப்பர், செருப்பு கடித்தால் ரப்பர், கூரை ஒழுகினால் ரப்பர். சாந்தமேரியின் தம்பி கிளாரன்ஸ் மேருவில் ரப்பர் ஷீட்டைப் புகைபோடுகிற கொட்டகையில் இருந்தான். "மச்சான், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல ஷீட்டு வெட்டி வைங்க. ஆட்டத்தையும் குடிக்கும், அடியையும் குடிக்கும்லா," என்று கழித்துப்போட்ட துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். வைத்தார்கள். முதல் இரண்டு நாள் வண்டி சொர்க்கம். இருதயம் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு ஏற்றிக்காட்டினார்.

எஞ்சின் கக்கிய எண்ணெயும், பட்டைக்குப் போட்ட கிரீஸும், சித்திரை மாதத்துக்குச் சளைக்காத நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் பச்சை ரப்பர் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அது உருகிக் களியாகி, இடது பக்கப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வலது பக்கம் மட்டும் ஆடி, கார் நொண்டிக்கொண்டு ஸ்காட் ரோட்டுக்குள் வந்தது. புகைக்கொட்டகை நாற்றம் தெருவைத் தூக்கியது. நல்லம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். இருதயம் அன்று சாப்பிடவில்லை. மண்ணெண்ணெயும் கந்தலுமாகப் பொழுது சாயும்வரை காருக்கு அடியில் கிடந்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாந்தமேரி ஒரு கையால் மீன் கழுவிக்கொண்டு, அவ்வப்போது மறு கையால் கைக்குழந்தையின் தூளியை ஆட்டினாள். குழந்தை உதைத்த உதையில் தூளி தாறுமாறாக ஆடியது.

"கயித்த இன்னும் சுருக்கிக் கட்டு. ஆட்டம் நிக்கும்," என்றார் இருதயம் எரிச்சலோடு.

"சுருக்கினா புள்ள தூங்குமா? கட்டில்ல போட்ட மாதிரி விறைச்சுக்கிட்டு அழும். உங்களுக்கு எல்லாத்தையும் இறுக்கத்தான் தெரியும்." சொல்லிக்கொண்டே அவள் தூளியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிடிக்கவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். தூளி கையில் உரசி, இரண்டு ஆட்டத்தில் அடங்கியது. துணி அதே துணி, கயிறு அதே கயிறு.

இருதயம் எழுந்து நின்றுவிட்டார். ஸ்பிரிங்கை ஏன் தொடவேண்டும்? அது மிருதுவாகவே இருக்கட்டும். அது ஆடும்போது பக்கத்தில் ஒரு கை உரசினால் போதும். பெரிய துரைமார் கார்களில் சக்கரத்துக்குப் பக்கத்தில் கத்திரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கைகள் மாட்டியிருப்பதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அது எதற்கென்று இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

கடையில் வாங்க வசதி இல்லை, ஆனால் அடிக்கத் தெரிந்த கை இருந்தது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு இரும்புக் கை. ஒன்றின் நுனி காரின் சட்டத்தில், மற்றதன் நுனி அச்சில். இரண்டும் சேருமிடத்தில் ஒரு போல்ட், நடுவில் பழைய மில் பெல்ட்டிலிருந்து வெட்டிய தோல் வில்லைகள். வண்டி ஆடினால் கைகள் மடங்கி விரியும், வில்லைகள் உரசி ஆட்டத்தைத் தின்றுவிடும். ஸ்பிரிங் தொங்குகிற இடங்களில் தேய்ந்து லொடலொடத்த புஷ் வளையங்களையும் புதிதாகக் கடைந்து போட்டார். கூரைமேல் பெட்டி ஏற்றுகிற கேரியரைக் கழற்றிப் பின்பக்கம் தாழ்வாக மாட்டினார். தலையில் பாரம் வைத்த வண்டி சாயாமல் என்ன செய்யும்?

போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதில்தான் அடுத்த சில மாதங்கள் போயின. அதிகம் முறுக்கினால் உபதேசியாரின் நெற்றி நினைவுக்கு வந்தது, குறைத்தால் நல்லம்மாளின் ஆரத்தித் தட்டு. சாந்தமேரியைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிள்ளான் ரோட்டில் போவார், வருவார். அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுச் சங்கதி எல்லாம் சேர்ந்து வரும். அதனால் அவர் அவள் பேச்சை விட்டுவிட்டு அவள் கையைக் கேட்டார். குழியில் அடித்தால் கண்ணாடி வளையல் சட்டென்று ஒரே சத்தமாக விழும். வளைவில் சாய்ந்தால் சரசரவென்று முழங்கைவரை ஓடித் திரும்பும். முன்பக்கம் கொஞ்சம் முறுக்கு, பின்பக்கம் கொஞ்சம் தளர்வு, மறுபடி ஒரு நடை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பத்துத் தீகா வளைவு முழுக்கத் தாண்டியும் வளையல் வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க, வளைவு வரலியா இன்னும்?" என்று கேட்டாள் சாந்தமேரி. இருதயம் காரை ஓரம் நிறுத்தி, மழையில் இறங்கி, நாலு போல்ட்டிலும் அடையாளக் கோடு கீறினார்.

வண்டி தயார். ஆனால் ஏறத்தான் ஆள் இல்லை. ஊர் வைத்த பெயர் போல்ட்டை முறுக்கினால் போகிற சமாசாரமா?

தை பிறந்தது. புஷ்பவல்லிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வைத்தார்கள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, அன்றே கிள்ளானில் தாய் வீட்டுக்கு அனுப்பவேண்டும். பிரசவம் முடியும்வரை வளையல் உடையக்கூடாது என்பதில் நல்லம்மாள் ராட்சசி. ரயிலில்தான் பயணம், பாஸ் இருக்கிறதே! எல்லாம் முடிந்து தாம்பூலம் கொடுக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த யாரோ வாயைத் திறந்தார்கள்: ரயில் புறப்படுகிற நேரம் சுத்தமாக ராகு காலம். அதற்கு முன்னால் வாசல்படி தாண்டினாலும், ஸ்டேஷனில் காத்திருந்து ராகு காலத்தில் வண்டி ஏறுவதா? நல்லம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. பாலன் கார் தேடி ஓடினான். தைப்பூச வாரம், வாடகைக் கார் அத்தனையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போயிருந்தது. ஒரே ஒரு கார் மட்டும் தெருக்கோடியில் சும்மா நின்றது. அது ஏன் சும்மா நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

நல்லம்மாளே நடந்து வந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"ஏம்பா இருதயம், கிள்ளான் வரைக்கும் போவணும். நானும் கூட வரேன். ஒரு வளையல் உடைஞ்சுச்சு, அப்புறம் நீ இந்தத் தெருவுல வண்டி ஓட்டிக்கிட மாட்ட."

"ஏறுங்கக்கா," என்றார் இருதயம். சீர்ப்பெட்டியைக் கூரையில் கட்டச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார். "மேல வேணாங்க்கா. பெட்டி பின்னால தாழத்தான் வரும்." நல்லம்மாளை மறுத்துப் பேசிய முதல் ஆள் அந்தத் தெருவில் அவராகத்தான் இருக்கவேண்டும்.

பின்சீட்டில் நடுவில் புஷ்பவல்லி, ஒரு பக்கம் அவள் தாய், மறுபக்கம் நல்லம்மாள். பழைய நினைப்பில் புஷ்பவல்லி மடியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். இருதயம் ரோட்டைக் கண்ணாலும் அந்தக் கைகளைக் காதாலும் பார்த்துக்கொண்டு போனார். குழி வந்தது. வளையல்கள் லேசாகச் சிரித்து அடங்கின. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. சத்தமே இல்லை.

பத்துத் தீகாவுக்கு அப்பால் ஒரு திருப்பத்துக்குள் நுழைந்தபோது நடு ரோட்டில் மூங்கில் ஏற்றிய மாட்டு வண்டி. மூங்கில் முனைகள் நேராகக் காரின் முன்கண்ணாடியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் போட்டு நிற்க இடம் இல்லை. இருதயம் வலப்பக்கம் ஒரு வெட்டு, உடனே இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினார். பழைய வண்டியாக இருந்தால் முதல் வெட்டில் சாய்ந்தது நிமிர்வதற்குள் இரண்டாம் வெட்டு அதை ஓரத்துக் கால்வாயில் கவிழ்த்திருக்கும். இது ஒருமுறை தோளைச் சாய்த்தது, நிமிர்ந்தது, பாதையில் வந்து உட்கார்ந்தது. பின்னால் திரும்பிப் பார்க்க இருதயத்துக்குத் தைரியம் வரவில்லை, ஒரு சத்தமும் வராததுதான் பயமாக இருந்தது.

கிள்ளானில் வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தார். எலுமிச்சம்பழம் காலடியில் உருண்டு கிடந்தது. புஷ்பவல்லி மாமியார் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் அசையாமல் உட்கார்ந்து, மருமகளின் கையை மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வளையலாகத் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்த கை. ஒன்றிலும் கீறல்கூட இல்லை.

சீர்ப்பெட்டி இறக்கி, எல்லோரும் உள்ளே போய், இருதயம் காரைத் திருப்புகிற சமயத்தில் நல்லம்மாள் வாசலுக்குத் திரும்பி வந்தார். தெருவே கேட்கிற அதே பழைய குரல்.

"இருதயம்! பேரப்புள்ளைய வீட்டுக்குக் கொண்டாரணும். அந்தத் தேதிக்கு வேற யாரு சவாரியும் ஒத்துக்காத, சொல்லிப்புட்டேன்."

"ஒங்களுக்குத்தான் பாஸ் இருக்கேக்கா? ரயில்லயே கூட்டிட்டு வரலாம்லா?" என்றார் இருதயம், சும்மா சீண்டிப் பார்க்க.

"ரயிலா?" நல்லம்மாள் முகத்தைச் சுளித்தார். "அது குலுக்கும்பா."

கார்டு தம்புசாமியின் சம்சாரம் சொன்ன வார்த்தை அது. செந்தூல் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட இருதயம் அதைக் கேட்டுவிட்டுக் காரை எடுத்தார். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை ஒரு வளைவிலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.