ஐப்பசியிலும் பிரிக்காத கூடாரம்

அன்று கூடாரத்தில் இருந்தவர்கள் இவர்கள். பந்தல் வேலை செய்யும் அந்தோணி, அது நான். என் மனைவி ரோசலி. எங்கள் சபையின் பாஸ்டர் சாலமோன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் சகோதரி லட்சுமி. பந்தல் காண்ட்ராக்டர் ஏழுமலை, அவர் கோயிலுக்குப் போகிறவர். வீட்டுக்காரம்மா பாக்கியம், எங்களை வாசலில் நிறுத்தியவர்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பாஸ்டர் எழுதச் சொன்னார். நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம். ரோசலிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து மூடிவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுவரை சுகம் கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் அந்த ஜெபத்தை நிறுத்தினேன்.

ஆட்டோவில் குருசுக்குப்பம் வந்தோம். ஒரே அறை, வாடகை வீடு. பாக்கியம்மா வாசற்படியில் நின்றார். கெட்டவர் அல்ல. ரோசலிக்கு எத்தனையோ நாள் குழம்பு கொடுத்தவர். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“எம் பொண்ணுக்கு ஐப்பசியில நிச்சயம் வச்சிருக்கேன், அந்தோணி. இந்த நேரத்துல வூட்ல ஒரு சாவு வுழுந்தா மாப்ள வூட்டுக்காரங்க வரமாட்டாங்க. வேற எங்கனா கூட்டிக்கினு போயிடு.”

சொல்லிவிட்டு அழுதார். வழி மட்டும் விடவில்லை.

எங்கே விட வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். மறுபடியும் கேட்டார். ரோசலி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

அப்போது ஜெபித்தேன். சுகம் கேட்கவில்லை. ஆயுசு கேட்கவில்லை. ஆண்டவரே, இவளைக் கிடத்த ஒரு கூரை கொடும். அவ்வளவுதான் கேட்டேன்.

லட்சுமி மீனை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்தார். ஆட்டோவைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“கூடாரம் நிக்குதேண்ணே,” என்றார். “நீதான போட்ட?”

நான்தான் போட்டேன். அந்த வாரம் சபையில் கூடாரப் பண்டிகை. எங்கள் சபை மாடியில் கூடுகிறது. படி குறுகல், ரோசலியைக் கட்டிலோடு அங்கே ஏற்ற முடியாது. பண்டிகைக்காகப் பக்கத்துக் காலி மனையில் ஒரு கூடாரம் போடச் சொன்னார் பாஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காலை வந்து கட்டிவிட்டுப் போயிருந்தேன். ஏழுமலையின் சவுக்குக் கழி, தென்னங்கீற்று. புரட்டாசியில் கல்யாணம் இல்லை. கழிகள் சும்மா கிடந்தன.

கூரையை நெருக்கி வேயாதே, உள்ளே படுத்தால் வானம் தெரிய வேண்டும், அதுதான் முறை என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். ஏழுமலை வந்து பார்த்து, “இன்னாடா, எலி கடிச்ச பாய் மாதிரி வேஞ்சிருக்க? எம் பேர கெடுத்துடாத,” என்று சிரித்தார்.

வயசு வந்த நாள் முதல் பந்தல் போடுகிறேன். என் கைக்குப் பந்தல் என்றால் பிரிக்கிற சாமான். அதில் ஒரு ஆளைக் கிடத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டோவைத் திருப்பினோம். பாஸ்டர் தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டார். ரோசலி படுத்து மேலே பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் செத்தப்புறந்தான் பந்தல் போடுவீங்க,” என்றாள். “எனக்கு மட்டும் முன்னாடியே போட்டுட்டீங்க.”

பாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

பண்டிகை அவள் கட்டிலைச் சுற்றியே நடந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் கூடாரத்தில் இருந்தார்கள், தேவனும் அவர்கள் நடுவில் கூடாரத்திலேயே இருந்தார் என்று பாஸ்டர் பிரசங்கித்தார். இப்போது அவர் தங்கும் கூடாரம் விசுவாசியின் சரீரம் என்றார். நான் ரோசலியின் சரீரத்தைப் பார்த்தேன். எலும்பு கழி கழியாகத் தெரிந்தது. இதிலா தங்குகிறார் என்று நினைத்தேன்.

பண்டிகை முடிந்தது. ரோசலி இன்னும் இருந்தாள். லட்சுமி தினமும் மார்க்கெட் முடிந்து வந்து அவள் துணியைத் துவைத்தார். பாஸ்டர் பெட்பேன் கழுவினார். நான் வேலைக்குப் போகவில்லை.

ஐப்பசி பிறந்தது. முகூர்த்தம் வந்துவிட்டது. ஏழுமலை ஆட்களோடு வண்டியில் வந்து இறங்கினார், கழியைப் பிரித்துக்கொண்டு போக. அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் சொத்து அது. அவர் உள்ளே வந்து ரோசலியைப் பார்த்தார். ஒரு முடிச்சின் மேல் கை வைத்தார். எடுத்துவிட்டார். வண்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் மழை பிடித்தது. வானம் தெரிகிற கூரை. கட்டில் நனைந்தது. நானும் பாஸ்டரும் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது ஏழுமலை தார்ப்பாயோடு தனியாக வந்தார். அந்த வயதில் அவரே கழியில் ஏறி விரித்துக் கட்டினார். முகூர்த்தம் என்னாச்சு என்று கேட்டேன்.

“வேற எடத்துல கழி எடுத்துக்கறேன். நீ அந்தக் கயித்தப் புடி,” என்றார்.

மறுநாளும் மழை விடவில்லை. ரோசலிக்கு மூச்சு வாங்கியது. ஏழுமலை, லட்சுமி, பாஸ்டர், எல்லாரும் உள்ளே இருந்தோம். பாக்கியம்மா கஞ்சித் தூக்கோடு வந்து வெளியே மழையில் நின்றார். நிச்சயத்துக்கு முன் சாகக் கிடக்கிறவர் இடத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. ரோசலி திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள வாங்கக்கா. நனையறீங்க.”

அவர் வந்தார். ரோசலியின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. பாஸ்டரிடம் கேட்டுவிட்டேன். “எல்லாரும் வந்துட்டாங்க. ஆண்டவரு மட்டும் எங்க பாஸ்டர்?”

ரோசலிதான் பேசினாள். மெதுவாகத்தான் வந்தது.

“வந்தவங்கள எண்ணுங்க. அவர எதுக்குத் தனியா தேடறீங்க?”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மழை விட்ட நேரத்தில் போனாள். அவள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கூரை கேட்டேன். கொடுத்தார். அவளைத் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு ஸ்தோத்திரம்.

அடக்கம் முடிந்து கூடாரத்தை நானே பிரித்தேன். ஏழுமலையும் கூட நின்று கயிறு சுற்றினார். பாக்கியம்மா பெண்ணின் நிச்சயம் நல்லபடி நடந்தது. பந்தல் நான் போட்டேன்.

இப்போது பாக்கியம்மா வீட்டில் அதே அறையில் தனியாக இருக்கிறேன். சாகக் கிடக்கிறவரை வீட்டில் சேர்க்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் கதவைத் திறந்து விடுகிறேன். பாக்கியம்மாவும் வழி விடுகிறார். முன்பு ஜெபிக்கும்போது மேலே பார்ப்பேன். இப்போது பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் கூரையும் ஒரு நாள் போகும். அன்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஏழுமலையும் பாக்கியம்மாவும் விசுவாசிகள் இல்லையே, அவர்களையும் சேர்த்து எண்ணலாமா என்று பிறகு பாஸ்டரிடம் கேட்டேன். ரோசலி யாரையும் விடச் சொல்லவில்லையே, எண்ணு என்றார்.

அவளையும் என்னையும் சேர்த்து எண்ணினேன்.

ஆறு பேர்.