எழுதாமல் விட்ட கடைசி வரி

சோதனை முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நான் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன், ஒரு வரி மட்டும் மிச்சம்.

உத்திகளை ரீச்சர் முன்பே சொல்லித் தந்திருந்தார். நடுவில் தொடங்கு. மணத்தையும் சத்தத்தையும் சொல். ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிடு. ஆட்களைக் கதைக்க விடு. முடிவைக் கடைசி வரி வரைக்கும் ஒளித்து வை. தெரிந்ததை எழுது என்பார். எனக்குத் தெரிந்தது அப்பாவின் வள்ளம். அதை நடுக்கடலில் நிறுத்தினேன். மண்ணெண்ணெய் மணத்தது. அலை, தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி அடித்தது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத அப்பாவை அந்த மொழியிலேயே இரண்டு வரி ஏச வைத்தேன்.

பிறகு கை நின்றுவிட்டது. கடலுக்குப் போன அப்பா உண்மையிலேயே இரண்டு நாளாகத் திரும்பவில்லை. குருநகரில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: வள்ளம் பிந்தினால் யாரும் முடிவு சொல்லக்கூடாது. வருவார் என்றும் இல்லை, வரமாட்டார் என்றும் இல்லை. அம்மா செபமாலையோடு வாய் திறக்காமல் இருந்தார். அவர் சொல்லாததை நான் எப்படி எழுதுவது?

"ஒரு வரிதானே ராசா, முடிச்சுப்போட்டுப் போவன்," என்றார் தாளை வாங்கிய ரீச்சர்.

"ஏலாது ரீச்சர்."

நான் போனபோது கரையில் சனம் கூடியிருந்தது. இயந்திரம் பழுதான எங்கள் வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்திருந்தது. அப்பா உதடு வெடித்துப்போய் அதில் இருந்தார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார்.

"இஞ்சாருங்கோ, சோத்துச் சட்டி எங்கை?"

"கடலோடை போட்டுது."

"புதுச் சட்டி! உங்களை நம்பித் தந்தன் பாருங்கோ!"

சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"உனக்கு இண்டைக்குச் சோதனையெல்லோ?" என்றார் அப்பா.

"முடிஞ்சுதப்பா."

அடுத்த நாள் விடிய, இயந்திரத்தைத் திருத்தக் கொடுத்த பட்டறையிலேயே நானும் வேலைக்கு நின்றுவிட்டேன். அது இனிமேல் நடுக்கடலில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்தேன். அதுதான் முதல் வேலை.

சில நாள் கழித்து, என்னோடு படித்த மச்சாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பட்டறைக்கு வந்து என் விடைத்தாளை நீட்டினாள்.

"ரீச்சர் உன்ரை கதையைத்தான் வகுப்பிலை வாசிக்கப்போறாவாம். முடிக்காமல் விட்டதுதான் நல்லதாம். இதையும் கொண்டு கட்டாயம் வரட்டாம்."

மிச்ச வரியை எழுத வைக்கத்தான் கூப்பிடுகிறார், இது அதற்கொரு தந்திரம் என்று நினைத்தேன். அப்பாதான் வந்துவிட்டாரே, இனி எழுத என்ன இருக்கிறது? தாளை நாலாக மடித்து, கையிலிருந்த ஒயிலை அதில் துடைத்துவிட்டு, அடுத்த நட்டைக் கழற்றினேன்.