உப்புல பொதச்ச போனு

போன் ரிப்பேர் கடைல குந்தினு கீறவன்கிட்ட ஜனங்க போனை மட்டும் குடுக்கறதில்ல, அவங்க கொழப்பத்தையும் சேத்துக் குடுத்துட்டு, சாயங்காலம் வந்து ரெண்டும் ரெடியான்னு கேப்பாங்க. நம்ம கடை காசிமேட்டாண்ட கீது. உங்க கையிலயும் ஒரு போனு இருக்குமே, அப்ப நீங்களும் நம்ம கோஷ்டிதான். நான் ஒண்டி மாட்டிகினு முழிக்கறதுக்கு, எல்லாரும் சேந்து முழிக்கலாம் வாங்க.

கருவாட்டு வைத்தியம்

ரோஸியக்கா கருவாட்டு யாவாரம். ஒரு வியாழக்கெழம காலைல ஒரு பிளாஸ்டிக் டப்பாவ கொண்டாந்து என் டேபிள் மேல வெச்சிச்சி. தொறந்தா ஃபுல்லா கல்லுப்பு. "யக்கா, நான் மீன் கடை வெக்கல"ன்னேன். "கைய வுட்டுப் பாரு"ன்னுச்சி. வுட்டா உள்ளாற போனு. மீன் அலசற தொட்டில வுழுந்துடுச்சாம். ஈரத்தை இஸ்துக்கட்டும்னு உப்புல பொதச்சி, மறுநாள் வெயில்லயும் காய வெச்சிக்கீது. திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும்.

அது அழுவாத கொறையா சொன்ன மேட்டர் இதுதான். பையன் அந்தோணி கப்பல்ல சமையல்காரன். பொண்ணுக்கு கல்யாணம் பேசி முடிச்சாச்சி. அப்பன் இல்லாத பொண்ணு, அண்ணந்தான் கையப் புடிச்சி கோயிலுக்குள்ள இட்டுகினு போவணும். ஆனா அவனுக்கு எப்ப லீவுன்னு தெரியாம தேதி வெக்க முடியாது. சனிக்கெழம கப்பல் ஏதோ ஒரு ஊர்ல கரை புடிக்கும், அப்ப வாட்ஸப்புல கூப்புடறேன்னு சொல்லிக்கீறான். ஃபாதரும் சனிக்கெழமைக்குள்ள தேதி சொன்னா ஞாயித்துக்கெழம பூசைல மொத ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிக்கறேன்னு சொல்லிட்டாரு. அந்த கால் வந்தே ஆவணும்.

நீங்க கேட்டுக்கோங்க. போனு தண்ணில வுழுந்தா மொதல்ல ஆஃப் பண்ணுங்க, சிம்மை உருவுங்க, சார்ஜர் பக்கம் கூட கொண்டு போவாதீங்க. அரிசில பொதைக்கறதும் வேஸ்ட்டு, சார்ஜ் ஓட்டைல நொய்யி மாட்டிகினு எனக்கு இன்னொரு வேலை. உப்பைப் பத்தி மட்டும் எங்கயும் எழுதி வெக்கல, ஏன்னா இப்டி ஒருத்தர் செய்வாங்கன்னு போன் செஞ்சவன் கனவுல கூட நெனச்சிருக்க மாட்டான். உள்ளாற போர்டு ஃபுல்லா பச்ச பூத்துக் கெடந்துச்சி. "யக்கா, உப்பு போட்டதுனாலதான் செத்துப் போச்சி"ன்னேன். போனை என் மூக்காண்ட நீட்டிச்சி. "மோந்து பாரு நைனா, கொஞ்சமாவது கெட்டுப் போன வாடை வருதா?"

யாரோன்னா நீயும்தான்

நல்ல வேள, சிம்மு பொழச்சிகிச்சி. கடைல நான் வெச்சிகினு இருந்த ஸ்பேர் போன்ல சொருவுனேன். அது என்னோட பழைய போனு, ரிங்டோன் கூட நான் மாத்தல, என் புது போன்லயும் அதேதான். சிம்மு போட்டா போதும், கால் வந்துடும்னு அக்கா கெளம்பிச்சி. "இரு யக்கா, சிம்மு வேற, வாட்ஸப்பு வேற"ன்னேன். "நம்பர் ஒண்ணுதான? அப்புறம் எப்டி வேற?" அதுக்கு நான் ஒரு வெளக்கம் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே டவுட் வந்துடுச்சி.

சரின்னு வாட்ஸப்பை ஏத்துனேன். ஓடிபி வந்துச்சி. போனு என் கைல கீது, நம்பரு என் கண்ணு முன்னாடி கீது, அக்கா டபால்னு அது மேல கைய வெச்சி மூடிச்சி. "யக்கா, அதைப் போட்டாதான் அந்தோணி பேசுவான்." "அந்தோணிதான் சொல்லிக்கீறான், யார் கேட்டாலும் சொல்லாதன்னு." "நான் யாரோவா? இத்தினி வருசமா தெரியும்ல?" கைய எடுக்கவே இல்ல. நம்பரு செல்லாமப் போயி, மறுபடி வர வெச்சேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, அது ரைட்டுதான், ஆனா கடைக்காரன் வயித்தெரிச்சலும் கொஞ்சம் பாருங்க. கடசில போனை அது கைல குடுத்து, நான் தெரு பாத்து திரும்பி நின்னுகினேன். ஒவ்வொரு நம்பரா தேடித்தேடி அதுவே குத்துச்சி. குத்தி முடிச்சிட்டு சொல்லிச்சி: "கோச்சிக்காத நைனா, ஏமாத்தறவன்லாம் தெரிஞ்சவன் மாரிதான் பேசுவானாம், நீ வேற ரொம்ப தெரிஞ்சவன் மாரி பேசற."

தனசேகர் பொண்டாட்டியும் நியூஸ் வாசிக்கறவரும்

வெள்ளிக்கெழம தனசேகரு வந்தான். ஹார்பர்ல கிரேன் ஓட்டறவன், வூடு திருவொத்தியூரு. போன்கிட்ட வாயால சொன்னா அதுவே கால் போடும்ல, அவன் சொன்னா மட்டும் போட மாட்டேங்குதாம். "எங்கூட்டுக்காரிக்கு ஒரு போனைப் போடு"ன்னு சொல்லிக் காட்டுனான். போனு ரொம்ப மரியாதயா, "மன்னிக்கவும், புரியவில்லை"ன்னுச்சி. இன்னொரு தபா, கொஞ்சம் சவுண்டா. அதுக்கும் மன்னிப்பு.

உங்ககிட்ட இன்னும் சொல்லல, எனக்கு கொரல் மாத்திப் பேசற ஒரு வியாதி கீது. ஃபாதரு, கவுன்சிலரு, மீன் ஏலம் வுடறவரு, யாரு கொரலா இருந்தாலும் என் தொண்டைல ஏறி குந்திக்கும். போனை வாங்கி, தொண்டைய கனைச்சிகினு, டிவில நியூஸ் வாசிக்கறவரு கணக்கா, "என் மனைவியை அழைக்கவும்"னேன். அடுத்த செகண்டு ரிங் போச்சி. தனசேகரு என்னைப் பாக்கறான், போனைப் பாக்கறான். பேரை மொத ஸ்கிரீன்லயே வெச்சி ஒரே தட்டுல கூப்புடற மாரி பண்ணிக்கோ, இந்த வாய்ப்பேச்செல்லாம் நம்ம பேட்டைக்கு இன்னும் வந்து சேரலன்னு சொன்னேன். அவன் காதுல ஏறல. "அப்ப நான் பொண்டாட்டிகிட்ட பேசணும்னா, தெனிக்கும் உன் கடைக்கு வந்துதான் பேசணுமா மாமு?"

மிஷின் இருமுது

அவன் போன்ல சார்ஜ் ஓட்டையும் லூசு. வுட்டுட்டுப் போனான். வூட்டுக்குப் போயி, பொண்டாட்டி போன்லேர்ந்து என்னைக் கூப்புட ஆரமிச்சான். ரெடியா? ரெடியாச்சா? இந்த மாரி பேஜாருக்குன்னு நான் ஒரு மருந்து வெச்சிக்கீறேன். போனை எடுத்து, ஒரு துளி உசிரு இல்லாத பொம்பள கொரல்ல, "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார்"னு சொல்லிட்டு கட் பண்ணிடுவேன். நல்லா வேலை செய்யும். அன்னிக்கு பாதி சொல்லும்போதே இருமல் வந்துடுச்சி. அடக்கிகினு மீதியும் சொல்லி முடிச்சேன். கட் பண்றதுக்குள்ள தனசேகரு பொறுமையா கேட்டான்: "மிஷினுக்கு இன்னா மாமு, எண்ணூர் ஃபேக்டரி பொகை ஒத்துக்கலியா?"

சனிக்கெழம

காலைலேர்ந்து ரோஸியக்கா, கால் வந்தா நீ கூட இருக்கணும்னு என் கடைல ஸ்டூல் போட்டு குந்திகினு, ஸ்பேர் போனை அடுப்புல வெச்ச பாலு மாரி பாத்துகினே இருந்துச்சி. மதியானத்துக்கு மேல தூத்தல் போட்டுச்சி. காயப் போட்ட கருவாடு நனஞ்சிடும்னு, "பாத்துக்க நைனா"ன்னு சொல்லிட்டு தார்ப்பாய் போட ஓடிச்சி.

நான் கண்ணுல பூதக்கண்ணாடி லென்ஸை மாட்டிகினு தனசேகரு போனை நோண்டிகினு கீறேன். ரிங் அடிச்சிச்சி. என் ரிங்டோனு. தனசேகருதான்னு, நிமுந்து கூட பாக்காம கட்ட வெரலால தள்ளி, "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்..." இருமாம, சுத்தமா சொல்லி முடிச்சேன். கட் ஆச்சி. அப்பதான் லென்ஸை கழட்டுனேன். என் போனு ஜோபில கீது. கைல கீறது ஸ்பேர் போனு. ஸ்கிரீன்ல நம்மூரு மாரியே இல்லாத ஒரு நீட்டு நம்பரு. பேரு வரல, பேரெல்லாம் அந்த உப்பு டப்பாவோட போச்சி.

திருப்பிப் போட்டேன். போவல. மறுபடி போட்டேன். போவல. அக்கா நனஞ்சிகினு வந்து நின்னுச்சி. "ரிங் அடிச்ச மாரி இருந்துச்சே." சொன்னேன். எப்பவும் ஏரியாவே திரும்பிப் பாக்கற மாரி பேசற அக்கா, ஸ்டூல்ல குந்திகினு முந்தானைல கையத் தொடச்சிகினே இருந்துச்சி. அந்தக் கை மேல கீற உப்பைத்தான் நான் பாத்துகினு இருந்தேன், மூஞ்சிய பாக்க தெகிரியம் வரல.

திரும்ப அடிச்சிச்சி. அக்கா தள்ளிப் பாக்குது, ஈர வெரலு, போனு மதிக்கவே இல்ல. நான் தள்ளி ஸ்பீக்கர்ல போட்டேன். அந்தோணி கொரலு, ஆனா போலீஸ்காரன் மாரி. "யாரு பேசறது?"

"அம்மாடா."

"எங்கம்மாதான்னா, சின்ன வயசுல நான் எங்க வுழுந்து மண்டைய ஒடச்சிகினேன்? சொல்லு."

"யார் கேட்டாலும் எதையும் சொல்லாதன்னு நீதானடா சொன்ன."

அந்தப் பக்கம் சிரிக்கற சத்தம். "சரி, அம்மாதான்"னான். எவனோ போனை அட்ச்சிகினு பூட்டான்னு நெனச்சானாம். அந்தக் கொரலு குடுத்தது போன் கடைக்காரன்தான்னு அக்கா என்னைப் போட்டுக் குடுத்துச்சி. "மாமு, நீயா அது? நெட்ல வர்ற வாட்ஸப்பு கால்ல அந்தப் பொம்பள எப்டி வருவா? நீ போன் கடை வெச்சிகினு கீற ஆளுதான?" எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சி. அவன் சொன்னது கரெக்டு. அந்தக் கொரலு சாதா கால்ல மட்டுந்தான் வரும். நெட்டு கால்ல ஆளு எடுக்கலன்னா சும்மா அடிச்சி ஓஞ்சிடும். எழுதி வெச்சிக்கோங்க, இது உங்களுக்கும் உதவும், எனக்கும் சேத்து.

ஈஸ்டர் முடிஞ்ச கையோட வூட்டுக்கு வந்துடறேன்னான். அக்கா அதையே மூணு தபா சொல்ல வெச்சிச்சி. கால் முடிஞ்சதும் ஃபாதரைப் பாக்க எந்திரிச்சிச்சி. வாசல்ல நின்னு என்னைத் திரும்பிப் பாத்துச்சி. திட்டப் போவுதுன்னு நான் ரெடியா நின்னேன். "கல்யாணத்துக்கு நீதான் மைக்குல பேசணும் நைனா. யாரு கொரல்ல வோணா பேசு. ஃபாதர் கொரல்ல மட்டும் வோணாம், அப்புறம் கட்டி வெச்சது அவரா நீயான்னு ஊரே கொழம்பிடும்."

ஆக, இத்தினி வருசம் இந்தத் தொழில்ல குந்தி நான் கண்டுகினது இன்னான்னா, போனை எப்பவும் உப்புல போடக் கூடாது, என் வாயை வோணா அப்பப்ப போட்டு வெக்கலாம்.